ஷார்ஜா காவலில் இருப்பவருக்குத் துணைத் தூதரகம் என்ன செய்யும்? – எங்கள் குடும்பக் குழுவில் நடந்த உரையாடல்

மீனா சித்தி: அத்தான், எங்கள் தெருக்கோடி வீட்டுப் பையன் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறான். சாலை விபத்து ஒன்றில் அவனைக் காவலில் வைத்திருக்கிறார்களாம். துபாயில் உள்ள நம் துணைத் தூதரகத்துக்கு மனு கொடுத்தால் உடனே வெளியே எடுத்துவிடுவார்கள் என்று அவன் அம்மாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மைதானா?

சுந்தரம் பெரியப்பா: இல்லை மீனா. வெளியே எடுக்கும் அதிகாரம் எந்த நாட்டுத் தூதரக அதிகாரிக்கும் கிடையாது. இதற்கு அடிப்படை துணைத் தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டின் வியன்னா ஒப்பந்தம். அதன் 36ஆம் பிரிவின்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டுக்கொண்டால் காவல்துறை அவருடைய நாட்டுத் துணைத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதையும் அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். அதிகாரி நேரில் சென்று பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞருக்கு ஏற்பாடு செய்யலாம். ஆனால் அந்த நாட்டின் சட்டத்தை மதித்து நடப்பதும் அதன் உள்விவகாரங்களில் தலையிடாமல் இருப்பதும் அதே ஒப்பந்தத்தின் 55ஆம் பிரிவு அவர்மேல் வைக்கும் கடமைகள்.

தேவி: பெரியப்பா, போய்ப் பார்க்கத்தான் முடியும் என்றால் அதனால் என்ன பயன்?

சுந்தரம் பெரியப்பா: பெரிய பயன் உண்டு தேவி. அரபியில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் பையனுக்கு யார் சொல்வார்கள்? அமெரிக்காவின் அரிசோனாவில் 1999இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஜெர்மானியச் சகோதரர் இருவரின் வழக்கில், துணைத் தூதரகத்தின் உதவியைக் கேட்கும் இந்த உரிமை நாடுகளுக்கு இடையிலான மரியாதை மட்டுமல்ல, தனிமனிதரின் உரிமையும்கூட என்று சர்வதேச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. பாகிஸ்தானில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இந்தியரான குல்பூஷண் ஜாதவின் வழக்கில் 2019 ஜூலை 17 அன்று, பாகிஸ்தான் 36ஆம் பிரிவை மீறியது என்று அதே நீதிமன்றம் சொன்னது. விடுதலை செய்ய வேண்டும் என்ற இந்தியாவின் கோரிக்கையை ஏற்காவிட்டாலும், மரண தண்டனையை முறையாக மறுபரிசீலனை செய்யும்வரை நிறைவேற்றக் கூடாது என்று கட்டளையிட்டது. ஒரு மனிதரின் உயிர் அந்த ஒரு பிரிவின் பலத்தில் நின்றதை நாம் எளிதாக எண்ணக் கூடாது.

கதிர் (துபாய்): சித்தி, அவருடைய அம்மாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். காவலில் இருப்பவரே சம்மதிக்காவிட்டால் அவரைப் பற்றிய விவரங்களைப் பல நாடுகளில் அதிகாரிகள் வெளியிடுவதில்லை. ஆகவே அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசக் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே, "என் துணைத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று அங்குள்ள காவலர்களிடம் வாய்விட்டுக் கேட்கும்படி அம்மா அவரிடம் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து தகுதியானவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வழி உண்டு.

மீனா சித்தி: வழக்குச் செலவுக்காக அவன் பேரில் உள்ள நிலத்தை விற்கலாம் என்கிறார்கள் அத்தான். கையெழுத்துக்கு அவன் இங்கே வர முடியாதே?

சுந்தரம் பெரியப்பா: அதற்குப் பவர் பத்திரம் போதும். 1948ஆம் ஆண்டின் சட்டப்படி, வெளிநாட்டில் உள்ள நம் தூதரக அதிகாரிக்கு நோட்டரி செய்யும் வேலைகளைச் செய்யும் அதிகாரம் உண்டு. அவர் முன்னிலையில் கையெழுத்தாகும் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும். ஆனால் வழக்கறிஞர் வழக்கைப் பார்த்துச் சொல்வதற்கு முன்பே நிலத்தை விற்க அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

தேவி: மனுவை எங்கே அனுப்ப வேண்டும் பெரியப்பா?

சுந்தரம் பெரியப்பா: துபாய் துணைத் தூதரகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட் எண், வேலை செய்யும் நிறுவனத்தின் பெயர், கைதான தேதி, எந்தக் காவல் நிலையம் என்ற விவரங்கள் வேண்டும்.

மீனா சித்தி: பாஸ்போர்ட் நகல் அவன் அம்மாவிடம் இருக்கிறது. இப்போதே போய் வாங்கிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.