காலை மடக்காமல் பறக்கும் காகம்

வாவிக்கரையான்:
"மட்டக்களப்பில் கோட்டையை விட்டால் படமெடுக்கத் தகுந்த கட்டிடம் கிடையாது, காலிக்கோ பினாங்குக்கோ போனால்தான் கேமராவுக்கு மரியாதை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். எழுதிய கையோடு, போனால் போகிறதென்று மட்டக்களப்பு நகரின் புளியந்தீவில் எடுத்த பழைய ஓட்டு வீடு ஒன்றின் படத்தையும் போட்டிருக்கிறார். மரத்தூண், சுண்ணாம்புச் சுவர், பாசி பிடித்த ஓடு எல்லாம் அருமை. ஆனால் கூரைக்கு மேலே வெறும் வானத்தில் ஒரு காகம் குந்தியிருக்கிறது. சிறகு மூடியிருக்கிறது. விரல்கள் எதையோ இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எதை? படத்திலிருந்து மின்கம்பியை அழித்தவருக்குக் காகம் கண்ணில் படவில்லை. ஊரில் கட்டிடமே இல்லை என்று சொல்பவர், இருக்கிற கட்டிடத்தையாவது இருக்கிறபடி காட்டக் கூடாதா?

கல்லடிப்பாலம்:
அந்த "ஒருவர்" நான்தான் ஐயா. பெயரைச் சொல்லியே திட்டலாம். காகம் பறக்கிறது.

ஏறாவூரான்:
காலைத் தொங்கப்போட்டுக்கொண்டா?

கல்லடிப்பாலம்:
இறங்கும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும். கட்டிடத்தைப் பார்க்கச் சொன்னால் காகத்தைப் பார்க்கிறவர்களுக்கு நான் என்ன செய்ய? கொழும்பு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எடுத்துப் பாருங்கள். 1909இல் கட்டி முடித்த பள்ளி, சிவப்பும் வெள்ளையுமாக எப்படி மின்னுகிறது! வெளிநாட்டுக்காரர்கள் எடுக்கும் படங்களில் கம்பி இருக்கிறதா? எல்லாரும் அழிக்கிறார்கள். நான் அழித்தால் மட்டும் குற்றம்.

வாவிக்கரையான்:
ஆக, அழித்தீர்கள். அது போதும். இறங்கும் காகம் சிறகை விரித்து வேகத்தைக் குறைக்கும், தம்பி. சிறகை மூடிக்கொண்டு இறங்கினால் அதற்குப் பெயர் விழுவது.

காரைதீவுக்காரி:
காகத்தை விடுங்கள். படத்தைப் பெரிதாக்கிச் சுவரைப் பாருங்கள். யன்னலுக்கு இடப்பக்கம், சுண்ணாம்பில் இரண்டு மெல்லிய கறுப்புக் கோடுகள் சரிவாக ஓடுகின்றன. அது கம்பியின் நிழல். கம்பியை அழித்தவர் நிழலை அழிக்கவில்லை. இன்னொன்று, வீடு பின்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கேமராவை அண்ணாத்திப் பிடித்தால் நேர்கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும். கேமராவைச் சுவருக்கு நேராக நிமிர்த்திப் பிடித்து, பின்னால் நகர்ந்து நின்று, அடியில் தேவையில்லாமல் விழும் தெருவைப் பிறகு வெட்டியிருக்கலாம். விலை கூடிய லென்சு எதுவும் தேவையில்லை.

கல்லடிப்பாலம்:
பின்னால் நகர்ந்தால் எதிர்வீட்டு மதிலுக்குள் போக வேண்டும், அக்கா. அந்த ஒழுங்கையின் அகலம் தெரியாமல் பேசாதீர்கள். நிழல் என்று நீங்கள் சொல்வது சுவர் வெடிப்பு.

காரைதீவுக்காரி:
இரண்டு வெடிப்புகள், ஒரே இடைவெளியில், அடிமட்டம் வைத்துக் கீறியது போல! நல்ல சுவர்.

மருதமுனை நானா:
கம்பியை அழிப்பதில் என்ன வந்துவிட்டது? இது பத்திரிகைச் செய்தியா? 2014இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் சிரியாப் படத்திலிருந்து ஒரு வீடியோ கேமராவை அழித்த படப்பிடிப்பாளரை விலக்கியது, அது நியாயம். போர்ச் செய்தி. இங்கே ஓட்டு வீடு. கம்பியை மின்சாரக்காரர் பிறகு போட்டார், வீட்டைக் கட்டியவர் போடவில்லை. அப்புறம், கட்டிடம் என்றால் உங்களுக்குப் புளியந்தீவு மட்டும்தானா? கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலைக் கொடியேற்றக் காலத்தில் யாராவது எடுத்ததுண்டா? ஒலுவில் வெளிச்சவீடு? தீகவாபியின் செங்கல் தூபி? அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இருப்பதே உங்களுக்கு நினைவில்லை.

வாவிக்கரையான்:
நானா, அம்பாறையை யாரும் மறக்கவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: காகம் எதன் மேல் இருக்கிறது? கம்பி பிறகு வந்ததென்றால் காகமும் பிறகு வந்ததுதானே, அதையும் அழித்திருக்க வேண்டும். பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். 2016இல் பிரபல அமெரிக்கப் படப்பிடிப்பாளர் ஸ்டீவ் மக்கரியின் கியூபாப் படமொன்று இத்தாலியில் காட்சிக்கு வந்தபோது, அதில் ஒரு கம்பம் அரைகுறையாக வெட்டி ஒட்டப்பட்டிருந்ததைப் பார்வையாளர் ஒருவர் கண்டுபிடித்தார். உலகமே பேசியது. அவருக்கே அந்தக் கதி என்றால் நம் தம்பி எம்மாத்திரம்?

கல்லடிப்பாலம்:
மக்கரியோடு ஒப்பிட்டதற்கு நன்றி. உங்களுக்கு என் படத்தின் மேல் கோபமில்லை, போன வருடப் போட்டியின் மேல்தான் கோபம். உங்கள் முகத்துவாரம் வெளிச்சவீட்டுப் படம் முதல் சுற்றிலேயே வெளியே போனதும், என் படம் பரிசு வாங்கியதும் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

வாவிக்கரையான்:
வந்துவிட்டதா போட்டி! 1913இல் எழுப்பிய 28 மீட்டர் வெளிச்சவீடு. சூரியன் கடற்பக்கம் எழும் ஊரில், வாவிப் பக்கத்திலிருந்து அதை எடுப்பதென்றால் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்து எடுத்தேன், அதில் ஒன்றையும் அழிக்கவில்லை. நடுவர்களுக்கு ஆரஞ்சு நிற வானம் வேண்டியிருந்தது, உங்களிடம் கணினியில் ஆரஞ்சு இருந்தது. சரி, காகம்?

கல்லடிப்பாலம்:
பறக்கிறது என்று சொல்லிவிட்டேன். நான் ஊர் ஊராகப் போய் எடுத்தவன். தாஜ்மகாலில் கேமரா முக்காலியை உள்ளே விடமாட்டார்கள், கையில் பிடித்தே எடுத்தேன். பாரிசில் ஈஃபெல் கோபுரத்தைப் பகலில் எடுத்து என்னவும் செய்யலாம், இரவு மின்விளக்கு அலங்காரத்துக்குத் தனி உரிமை இருக்கிறது, அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி எடுக்க வேண்டும். இதெல்லாம் வாவிக்கரையில் குந்தியிருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏறாவூரான்:
பாரிசிலும் காகம் காற்றில்தான் குந்துமா?

மருதமுனை நானா:
ஒலுவிலைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

காரைதீவுக்காரி:
நானா, ஒலுவிலுக்கு விடியற்காலையில் போனால் கடற்காற்றில் லென்சில் உப்பு படியும், துணி கொண்டு போங்கள். கல்லடிப்பாலம் அண்ணனுக்கு ஒன்று: காலியும் பினாங்கின் ஜோர்ஜ் டவுனும் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பவை. அங்கே பழைய தெருவைக் காக்கச் சட்டம் இருக்கிறது. நம் ஊரில் ஓட்டு வீட்டை இடித்து மூன்று மாடிக் கடை கட்டுகிறார்கள். அந்த வீட்டின் உண்மையான படம் இன்னும் சில காலத்தில் உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும். அதில்தான் கை வைத்திருக்கிறீர்கள். அழிக்காத மூலப் பிரதி இருக்கிறதா?

கல்லடிப்பாலம்:
இருக்கிறது. கேட்பவர்கள் கேட்கிற விதத்தில் கேட்டால் காட்டியிருப்பேன். கோட்டையை விட்டால் வேறில்லை என்று நான் எழுதியதை நக்கலடித்தவர்களே, ஒல்லாந்தர் கட்டிய அந்தக் கோட்டைக்கு இணையாக இங்கே வேறு ஒன்றைக் காட்டுங்கள்.

வாவிக்கரையான்:
ஒல்லாந்தர் கட்டியதா? போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் வந்து பிடித்தார்கள். எடுக்கிற கட்டிடம் யார் கட்டியது என்றே தெரியாமல் பரிசு வாங்கியிருக்கிறீர்கள்.

கல்லடிப்பாலம்:
பிடித்தவர்கள் திருத்திக் கட்டினார்கள். இன்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒல்லாந்தர் கோட்டை என்றுதான் சொல்வார்கள்.

மருதமுனை நானா:
ஊரார் சொன்னால் சரியென்றால், காகம் குந்தியிருக்கிறது என்றும் ஊரார்தானே சொல்கிறார்கள்?

கல்லடிப்பாலம்:
நானா, நீங்கள் என் பக்கம் என்றல்லவா நினைத்தேன்.

மருதமுனை நானா:
நான் அம்பாறைப் பக்கம்.

வாவிக்கரையான்:
மூலப் பிரதியைப் போடுங்கள், பேச்சு முடிந்தது.

கல்லடிப்பாலம்:
முதலில் நீங்கள் அந்த வெளிச்சவீட்டுப் படத்தின் மூலப் பிரதியைப் போடுங்கள்.

வாவிக்கரையான்:
அது பிலிமில் எடுத்தது. வீட்டுக்கு வாருங்கள், நெகட்டிவைக் காட்டுகிறேன்.

கல்லடிப்பாலம்:
போட்டி விதியில் பிலிம் படம் சேர்க்க மாட்டோம் என்று எழுதியிருந்ததே, வாசிக்கவில்லையா?

வாவிக்கரையான்:
விதியை எழுதியவரையும் எனக்குத் தெரியும், அவர் உங்களுக்கு என்ன முறை என்பதும் தெரியும். அதற்குத் தனித் திரி தொடங்குகிறேன்.