மகனுக்கு எழுதிய உயில்: வங்கியில் மறுக்கிறார்கள், உதவுங்கள்

வைகைக்கரை:
அவசரம். வீட்டையும் வைப்புத்தொகையையும் மகனுக்கு உயில் எழுதி, போன வாரம் பதிவும் செய்துவிட்டேன். இன்று வங்கியில் விசாரித்தால், 'உங்கள் காலத்துக்குப் பிறகு அவர் கையில் பணம் தர இயலாது' என்கிறார்கள். பதிவு செய்த உயிலுக்கு மதிப்பே இல்லையா? திங்கட்கிழமை எனக்கு இதய அறுவைச் சிகிச்சை. அதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

நெல்லை வாசகன்:
மகனை நாமினியாகப் போடுங்கள், தீர்ந்தது. என் அப்பா காலமானபோது நாமினி இருந்ததால்தான் எங்களுக்குச் சிரமமில்லாமல் பணம் கிடைத்தது. உயிலைவிட நாமினியே வலுவானது.

ஆவணம்67:
நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர். அதனால் மட்டும் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். இந்த அரிச்சுவடிகூடத் தெரியாமல் ஏன் பதில் எழுத வருகிறீர்கள்? கேட்டவரும் பாதிதான் சொல்லியிருக்கிறார். மகனுக்கு வயது என்ன? வங்கி சொன்ன காரணம் என்ன? வீடு பூர்வீகமா, சுயசம்பாத்தியமா? என்ன மதம்? சாட்சிகள் யார்? இதையெல்லாம் சொல்லாமல் பதில் மட்டும் வேண்டுமென்றால் எப்படி?

மல்லி அம்மா:
ஐயா, தவறாக நினைக்க வேண்டாம். தம்பிக்கு உடல்நிலையில் ஏதாவது குறை உண்டா?

வைகைக்கரை:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். மகனுக்கு 29 வயது. பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவன். கையெழுத்துத் தெரியாது. மனைவி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் கோவையில் இருக்கிறாள். மதுரையில் இருக்கும் வீடு 1994-ல் நானே வாங்கியது. நாங்கள் இந்துக்கள். சாட்சிகள் மகளும் பக்கத்து வீட்டுக்காரரும்.

நெல்லை வாசகன்:
மகள் சாட்சியா? அப்படியானால் உயிலே செல்லாது!

ஆவணம்67:
அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவரைப் பயமுறுத்தாதீர்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-ல் சாட்சிக்கு எழுதிவைத்த சொத்தைப் பற்றிச் சொல்லும் 67-வது பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது. கிறிஸ்தவர் எழுதிய உயிலாக இருந்தாலும் சாட்சிக்கும் அவர் துணைக்கும் கொடுத்தது மட்டும்தான் செல்லாது, உயில் நிற்கும்.

நெல்லை வாசகன்:
சட்டம் நின்றாலும் நீதிமன்றத்தில் சந்தேகம் வரும். எங்கள் சித்தப்பா உயிலில் அதை வைத்தே ஆறு ஆண்டுகள் இழுத்தார்கள். போதாததற்கு அது முத்திரைத்தாளிலும் இல்லை.

ஆவணம்67:
உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். இதை எத்தனை முறை எழுதுவது?

கொங்குக்காரன்:
சண்டையை விடுங்கள். மகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கவனிக்காவிட்டால் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ரத்து செய்துகொள்ளலாம்.

மல்லி அம்மா:
அந்தச் சட்டம் எழுதிக்கொடுத்த முதியவரைக் கவனிக்காமல் விட்டால்தான் கைகொடுக்கும். நாம் போன பிறகு இந்தப் பிள்ளை யாரிடம் போய் முறையிடுவான்?

ஐயா, எனக்கும் 31 வயதில் இப்படி ஒரு மகள் இருக்கிறாள். கோளாறு உங்கள் உயிலில் இல்லை. தம்பி சார்பில் பணத்தை வாங்கிக் கையாளச் சட்டக் காப்பாளர் இல்லாததுதான் சிக்கல். 18 வயது முடிந்துவிட்டால் பெற்றவர்கூடத் தானாகச் சட்டக் காப்பாளர் ஆவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுதான் காப்பாளரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். மகளையும் கூட அழைத்துப் போங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் என் மகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறேன். ரசம் சாதம் சூடாக இருந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். மின்சாரம் போனால் இடது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வலது கையைத் தொட்டால் அலறுவாள். இதை எந்தப் பத்திரத்திலும் எழுத முடியாது. ஆனால் நாளைக்கு அவளைப் பார்த்துக்கொள்பவருக்கு இதுதான் முதலில் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
மல்லி அம்மா சொன்னதோடு, உயிலையும் மாற்றி எழுதுங்கள். சொத்தை மகன் பெயருக்கு நேரடியாக எழுதாமல், உயில் வழியாகவே ஒரு தனியார் அறக்கட்டளை ஏற்படுத்துங்கள். அது உங்கள் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். பயனாளி மகன். சொத்தை நிர்வகிக்கும் அறங்காவலர்களாக மகளோடு நம்பிக்கையான இன்னொருவரையும் போடுங்கள். ஒருவரிடமே எல்லாம் இருக்க வேண்டாம். மகன் இருக்கும்வரை வீட்டை விற்கலாமா, மிச்சம் யாருக்கு என்பதையும் எழுதிவிடுங்கள். நீங்கள் ஓய்வூதியர் என்றால், மகனுக்கு ஆயுள்வரை குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி உண்டா என்று துறையில் கேட்டு, அவன் பெயரை இப்போதே பதிவு செய்யுங்கள்.

வைகைக்கரை:
இன்று வெள்ளி மாலை ஆகிவிட்டது. திங்களுக்குள் எப்படிப் பதிவு செய்வது?

ஆவணம்67:
பதிவு கட்டாயமில்லை. பதிவாகாத பிந்தைய உயில், பதிவான பழைய உயிலை மாற்றும். வீட்டிலேயே எழுதி, இரண்டு சாட்சிகளின் கண்ணெதிரே கையெழுத்திடுங்கள். அவர்களும் உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட இளையவர்களாகப் பாருங்கள். நாளைக்கு வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். மகள் வேண்டாம். அந்த ஒரு விஷயத்தில் நெல்லை வாசகன் சொன்னது சரி.

நெல்லை வாசகன்:
முத்திரைத்தாளில் எழுதினால் நல்லது என்றுதான் நானும் சொன்னேன்.

ஆவணம்67:
அப்படிச் சொல்லவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

வைகைக்கரை:
ஞாயிறு இரவு. புதிய உயில் முடிந்தது. எதிர்வீட்டுத் தம்பியும் என் பழைய மாணவர் ஒருவரும் சாட்சி. காப்பாளர் விண்ணப்ப வேலையை மகள் பார்த்துக்கொள்கிறாள். நோட்டும் வாங்கினேன். 'மாலையில் பால்காரர் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவான், கதவைத் தாழிட வேண்டாம்' என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

ஆவணம்67:
பழைய உயிலை ரத்து செய்கிறேன் என்று அதன் தேதியோடு எழுதினீர்களா? இல்லையென்றால் இன்றிரவே அதே சாட்சிகளைக் கூப்பிட்டு மறுபடி எழுதிவிடுங்கள்.