காலேஜ் ஃபுட்பாலில் வாக்-ஆன் வீரருக்கு என்ன வேலை? 105 வரம்பு வந்தபின் இடம் இருக்கிறதா?

நாலாவது_டவுன்:
அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலில் ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் வாக்-ஆன் வீரர்களைப் பற்றி மூன்று சந்தேகம். சனிக்கிழமை களமிறங்காத ஆளுக்கு வாரம் முழுக்க என்ன வேலை? கோச் "ப்ரிஃபர்ட் வாக்-ஆன்" என்று கூப்பிட்டால் அதற்கு என்ன மதிப்பு? 2025-ல் வந்த, ஒரு அணிக்கு 105 பேர் என்ற வரம்புக்குப் பிறகு, பள்ளி முடிக்கிற ஒரு லைன்பேக்கர் (டிஃபன்ஸின் இரண்டாம் வரிசை ஆள்) பெரிய அணியில் வாக்-ஆனாகப் போவதா, டிவிஷன் 2-ல் (ஒரு படி கீழான போட்டிப் பிரிவில்) பாதி ஸ்காலர்ஷிப்பை எடுப்பதா? பொத்தாம்பொதுவாக இல்லாமல் விவரமாகச் சொல்லுங்க.

ஸ்கவுட்_அட்டை:
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்றேன். அந்த வேலைக்குப் பெயர் ஸ்கவுட் டீம். வரப்போகிற எதிரணி எப்படி ஆடுமோ அப்படியே ஆடிக்காட்டி நம்ம ஸ்டார்ட்டர்களை (ஆட்டத்தில் முதல்ல இறங்குற ஆட்களை) தயார் பண்ணணும். உதவிக் கோச் கையில் பெரிய அட்டைக்கட்டு இருக்கும். ஒவ்வொரு அட்டையிலும் எதிரணியின் ஒரு ஆட்டம் வட்டமும் கோடுமா வரைஞ்சிருக்கும். பதினொரு பேரும் சில விநாடி பார்த்துட்டு வரிசையில் போய் நிற்கணும், ஆடணும், உடனே அடுத்த அட்டை.

இதில் கெட்டுப்போற இடங்கள்தான் முக்கியம். முதலாவது வேகம். ஸ்கவுட் ஆள் அரைவேகத்தில் வந்தா, அவரைத் தடுத்துப் பழகின டாக்கிளின் (பந்து எறிபவரைக் காக்குற லைன் ஆளின்) கால் அந்த வேகத்துக்கே பழகிடும். சனிக்கிழமை பின்வாங்குறது தாமதமாகும். ரெண்டாவது ஊகம். ஒரே ஆட்டத்தை நாலு தடவை பார்த்த ஸ்கவுட் டிஃபன்ஸ் முன்கூட்டியே ஓட ஆரம்பிச்சா, அந்த ஆட்டம் எடுபடுமா எடுபடாதான்னு கோச்சுக்குத் தெரியாமலே போயிடும். மூணாவது, அட்டை எங்கே போகணும்னு காட்டும், எந்தக் காலை முதல்ல எடுத்து வைக்கணும்னு காட்டாது. அதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிற வாக்-ஆனைத்தான் கோச்சுகள் மறக்க மாட்டாங்க. குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவருக்கு) வேற நிற ஜெர்சி போட்டிருந்தா தொடவே கூடாதுங்கிறதும் இதில் அடக்கம்.

இது எவ்வளவு பெரிய வேலைன்னு ஒரு உதாரணம். 2018 ஜனவரி 1 அன்று ரோஸ் பவுல்ங்கிற பெரிய ஆட்டத்தில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணி, ஓக்லஹோமாவை எதிர்கொண்டது. அந்தப் பக்கம் குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு. பயிற்சியில் மேஃபீல்டு மாதிரி ஓடி எறிந்து காட்டியவர் முதலாண்டு வாக்-ஆன் ஸ்டெட்சன் பென்னட். ஜார்ஜியா 54-48 என்று ரெண்டாவது கூடுதல் நேரத்தில் ஜெயிச்சது. அதே பென்னட் பிற்பாடு 2021, 2022 சீசன்களில் ஜார்ஜியாவுக்கு வரிசையா ரெண்டு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். மேஃபீல்டும் டெக்சஸ் டெக்கில் வாக்-ஆனா ஆரம்பிச்சவர்தான்.

பதிவாளர்_மேசை:
"ப்ரிஃபர்ட்" என்றால் டிரை-அவுட் இல்லாமல் இடம் என்ற வாய்ச்சொல், அவ்வளவே. பணம் சம்பந்தமாக அது யாரையும் கட்டுப்படுத்தாது. அழைத்த கோச் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அந்தச் சொல்லும் அவரோடு போய்விடும். எனவே பொசிஷன் கோச்சின் வார்த்தை போதாது. தலைமைக் கோச் அல்லது ரோஸ்டரை (அணிப் பட்டியலை) கவனிப்பவரிடமிருந்து மின்னஞ்சலில் மூன்று பதில் வாங்கவேண்டும்: ஆகஸ்ட் பயிற்சி முகாமின் முதல் நாளே இடம் உண்டா, முதல் ஆட்டத்தன்று 105-க்குள் இருப்பேனா, கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை வாக்-ஆன்களுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தீர்கள்.

ப்ரிஃபர்ட் இல்லாதவர்கள் கல்லூரியில் சேர்ந்தபிறகு டிரை-அவுட் போகவேண்டும். 40 கஜ ஓட்டம், ஷட்டில் ஓட்டம், பொசிஷன் பயிற்சிகள் இருக்கும். பலர் அங்கே தோற்பது ஓட்டத்தில் அல்ல, காகிதத்தில். டிவிஷன் 1-ல் வாக்-ஆனும் என்சிஏஏ (கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு) எலிஜிபிலிட்டி சென்டரில் பதிவுசெய்து சான்று பெறவேண்டும்: 16 மையப் பாடங்கள், அவற்றில் குறைந்தது 2.3 கிரேடு சராசரி (4-க்கு). இந்தப் 16-ல் 10 பாடங்களைப் பள்ளியின் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே முடித்திருக்கவேண்டும். கடைசி வருடத்தில் அவசரமாக ஈடுகட்ட முடியாது. மருத்துவப் பரிசோதனை, சிக்கிள் செல் (பரம்பரை ரத்தக் குறைபாடு) நிலை பற்றிய பதிவு, முழுநேர மாணவராக 12 கிரெடிட் ஆகியவையும் தேவை. இதில் ஒன்று விடுபட்டாலும் ஆட்டத்தில் ஆடவிடமாட்டார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 2014-ல் விதி மாறியதிலிருந்து ஸ்காலர்ஷிப் இல்லாதவர்களுக்கும் அணி உணவு தரலாம். கல்விக்கட்டணம், தங்குமிடம் இரண்டும்தான் சுமை. வெளிமாநிலக் கட்டணம் என்றால் கணக்கு அடியோடு மாறிவிடும்.

மூன்றாம்_வரிசை:
105 கணக்கு. 2025 ஜூன் மாதம் நீதிபதி கிளாடியா வில்கன் ஹவுஸ் வழக்கின் (கல்லூரி வீரர்கள் வருமானப் பங்கு கேட்டு என்சிஏஏ மீது போட்ட வழக்கு) உடன்பாட்டை ஏற்றார். அதற்கு முன் 85 ஸ்காலர்ஷிப் என்பது உச்சவரம்பு, ஆனால் தலைகளுக்கு வரம்பு இல்லை. 120-ஐத் தாண்டிய அணிகள் உண்டு. இப்போது உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு ஸ்காலர்ஷிப் வரம்பு போய், மொத்தம் 105 தலை. அந்த 105 பேருக்கும் ஸ்காலர்ஷிப் தரலாம், தரவேண்டும் என்றில்லை. வரம்பால் இடமிழந்தவர்கள் என்று பல்கலைக்கழகம் பட்டியலிட்ட பழைய வீரர்கள் இந்த எண்ணிக்கையில் வரமாட்டார்கள். உடன்பாட்டில் சேராத பல்கலைக்கழகங்களுக்கு 105 பொருந்தாது, பழைய ஸ்காலர்ஷிப் வரம்பே. இதை முதலில் விசாரியுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

கூட்டிப் பாருங்கள். இரு பக்கமும் மூன்று வரிசை வைத்தால் 66. கிக்கர், பன்டர் (பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விடுபவர்), லாங் ஸ்னாப்பர் (உதைப்பதற்காகப் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிபவர்) மாற்றோடு 6. இருபக்க ஸ்கவுட் டீமுக்கு 22. மொத்தம் 94. மீதி 11-ல்தான் காயம்பட்டவர்களையும் சமாளிக்கவேண்டும். ஆகவே வாக்-ஆன் தேவை ஒழியவில்லை, ஆனால் ஒரே வேலைக்கு மட்டும் ஆகிற வாக்-ஆனுக்கு இடம் சுருங்கிவிட்டது. பல ஆண்டு வாக்-ஆன்களை நம்பியே லைனைக் கட்டிய நெப்ராஸ்கா மாதிரி அணிகளுக்கு இது உண்மையான இழப்பு. எனக்கு இந்த விதி பிடிக்கவில்லை.

நாலாவது_டவுன்:
நன்றி. அப்படியானால் லைன்பேக்கருக்கு எது நல்லது?

மூன்றாம்_வரிசை:
டிவிஷன் 2-ல் ஒரு அணிக்கே மொத்தம் 36 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான தொகைதான். அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். அங்கே பாதி கிடைக்கிறது என்றால் அவரை ஆடவைக்கவே எடுக்கிறார்கள். விளையாட வேண்டும் என்பதே நோக்கமானால் அதை எடுக்கச் சொல்வேன். பெரிய அணிதான் என்றால், லைன்பேக்கர் உடல்வாகுக்கு வாசல் ஸ்பெஷல் டீம்ஸ் (உதை ஆட்டங்களுக்கான குழுக்கள்). கிக்-ஆஃப், பன்ட், இரண்டின் ரிட்டர்ன் என நான்கு பிரிவிலும் ஆடத் தெரிந்தால் 105-க்குள் நிற்கலாம். கூடவே லாங் ஸ்னாப்பும் பழகட்டும். பன்டுக்குச் சுமார் 15 கஜம், பந்து 0.75 விநாடியை ஒட்டிப் போய்ச்சேரவேண்டும். ஃபீல்டு கோலுக்கு (கம்பங்களுக்கிடையே உதைப்பதற்கு) 7 முதல் 8 கஜம். ஃபீல்டு கோல் ஸ்னாப்பில் வேகத்தைவிட, ஹோல்டர் (கிக்கருக்காகப் பந்தைப் பிடித்து நிறுத்துபவர்) கையில் விழும்போது பந்தின் தையல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது முக்கியம். தையல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழவேண்டும். சுழற்சி மாறினால் ஹோல்டர் பந்தைத் திருப்பவேண்டி வரும், கிக்கரின் தாளம் அங்கேயே போய்விடும்.