பீசோ டயஃப்ரம் பம்ப்: முதல் ஸ்டெப்பிலேயே அழுத்தம் எகிறுகிறது, உதவி தேவை

கிண்டி மாணவி:
வணக்கம். எம்.இ. ப்ராஜெக்டுக்காக ஒரு சின்ன பீசோ பம்பை (வோல்டேஜ் கொடுத்தால் வளையும் தகட்டால் இயங்குவது) ஓப்பன்ஃபோம் என்ற திரவ ஓட்ட மென்பொருளில் சிமுலேட் செய்கிறேன். ரிச்சி தெருவில் கிடைக்கும் பித்தளை பஸ்ஸர் தகடுதான் டயஃப்ரம், அதாவது அசைந்து தண்ணீரைத் தள்ளும் சுவர். அறை 25 மி.மீ. விட்டம், 1 மி.மீ. ஆழம். தண்ணீர் வெளியேற 1 மி.மீ. விட்டத்தில் 10 மி.மீ. நீளக் குழாய் ஒன்று. தண்ணீரை அமுங்காத திரவமாக வைத்திருக்கிறேன். தகட்டின் நடுப்பகுதி 100 ஹெர்ட்ஸ் சைன் அலையில், 5 மைக்ரான் வீச்சில் அசைகிறது.

டைம் ஸ்டெப் (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரம்) 10 மைக்ரோ செகண்ட் என்றால், முதல் ஸ்டெப்பில் சுமார் 7 லட்சம் பாஸ்கல் வருகிறது. அப்புறம் 4,500-ஐத் தாண்டுவதில்லை. ஸ்டெப்பைப் பாதியாக்கினால் முதல் எண் 14 லட்சம். மெஷ்ஷை (கணக்குக்காக இடத்தைப் பிரிக்கும் கட்டங்களை) நுணுக்கினாலும் மாறவில்லை. இன்னொன்று, வால்வு மூடிய நிலையைப் பார்க்கக் குழாயை அடைத்தால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சால்வர் நின்றே போகிறது. அடுத்த வாரம் ரிவ்யூ இருக்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்.

அம்பத்தூர் டிசைனர்:
பாதி ஸ்டெப்புக்கு இரண்டு மடங்கு அழுத்தம் என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறதும்மா. சைன் அலையில் இடப்பெயர்ச்சிதான் பூஜ்யத்தில் தொடங்கும். வேகம் தொடக்கத்திலேயே உச்சத்தில் இருக்கும். சும்மா நிற்கும் குழாய்த் தண்ணீர் ஒரே ஸ்டெப்பில் அந்த வேகத்தைப் பிடித்தாக வேண்டும். ஸ்டெப் சிறுத்தால் முடுக்கம் பெருகும், அழுத்தமும் கூடவே ஏறும்.

கையால் போட்டுப் பார்த்தேன். விளிம்பு இறுகிய தகடு தள்ளும் கனஅளவு, பரப்பையும் நடு வளைவையும் பெருக்கி மூன்றால் வகுத்தால் வரும்: 0.82 கன மி.மீ. உச்ச ஓட்டம் நொடிக்கு 515 கன மி.மீ. குழாய்த் தண்ணீரின் நிலைமத்தை மட்டும் எடுத்தால் முதல் ஸ்டெப்பில் 6.5 லட்சம், பிறகு 4,100 பாஸ்கல். உங்கள் எண்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சீரான ஓட்டத்துக்கான சூத்திரத்தில் பாகுத்தன்மையின் பங்கு வெறும் 200 பாஸ்கல்தான்.

அதனால் சைனுக்குப் பதில் 1 கழித்தல் கோசைன் கொடுங்கள், இல்லையென்றால் முதல் சில சுற்றுகளில் வீச்சை மெல்ல ஏற்றுங்கள். 1 மி.மீ. ஆழத்தில் 5 மைக்ரானுக்கு நகரும் மெஷ்ஷே தேவையில்லை. அந்தச் சுவரில் செங்குத்து வேகம் கொடுத்தால் போதும், ரன் நேரம் நன்றாகக் குறையும்.

தரமணி ஆய்வாளர்:
அடைத்த அறைக்கு நான் சொல்கிறேன். அமுங்காத திரவம் அடைத்த அறைக்குள் இருக்கும்போது சுவர் உள்ளே வந்தால் அந்தத் திரவம் எங்கே போகும்? அந்தச் சமன்பாட்டுக்குத் தீர்வே கிடையாது, சால்வர் நிற்பது நியாயம்தான். அமுங்கும் தன்மையைச் சேருங்கள். தண்ணீரின் பருமக் குணகம், அதாவது அமுங்குவதை எதிர்க்கும் அளவு, 2.2 கிகா பாஸ்கல்.

கிண்டி மாணவி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோசைன் போட்டதும் அந்த எகிறல் போய்விட்டது, ஸ்டெப்பைப் பாதியாக்கினாலும் அதே விடை. ஆனால் அமுங்கும் தன்மையைச் சேர்த்து அறையை அடைத்தால் 36 லட்சம் பாஸ்கல் வருகிறது. லேபில் சென்சர் காட்டுவது சில ஆயிரம்தான். எதை நம்புவது சார்?

தரமணி ஆய்வாளர்:
கொடுத்த உள்ளீட்டுக்கு 36 லட்சம் சரியான விடைதான். கனஅளவு 600-இல் ஒரு பங்கு குறைகிறது, அதைக் குணகத்தோடு பெருக்கிப் பாருங்கள். ஆனால் தகட்டின் பரப்பில் அது 180 கிலோ எடைக்குச் சமமான விசை. பஸ்ஸர் தகடு அதைத் தள்ளவே தள்ளாது, 5 மைக்ரானுக்கு வெகு முன்பே நின்றுவிடும். அதனால் இடப்பெயர்ச்சியை விதிக்காமல் வோல்டேஜைக் கொடுத்து, திரவ அழுத்தம் தகட்டைத் திருப்பித் தள்ளும்படி இருவழி இணைப்பு வையுங்கள். அதற்கு முன் ஒரு எளிய கணக்கு போதும்: தடையில்லாமல் தகடு தள்ளும் கனஅளவை, ஒரு பாஸ்கலுக்குத் தகடு வளைந்து கொடுக்கும் அளவும் திரவம் அமுங்கும் அளவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும்.

அழுத்தம் குறைய இன்னொரு காரணம், காற்றுக் குமிழி. அறையில் 1 சதவீதம் காற்று இருந்தாலே குணகம் 14 மெகா பாஸ்கலாக விழுந்துவிடும். அப்போது முழு 5 மைக்ரான் தள்ளினால்கூட 23 ஆயிரம்தான் வரும். தண்ணீரை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்துவிட்டு நிரப்புங்கள். பிறகு அறையின் நிலை அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். சென்சரில் அலையின் வீச்சு கூடினால் குமிழி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.