புதிதாக பிரிட்டன் வந்தவர்களுக்கு: வேல்ஸ் நீராவி ரயில்களும் அங்கத்து மழையும்

கார் இல்லை, மலையேறிப் பழக்கம் இல்லை, கையில் சின்னப் பிள்ளை வேறு. வேல்ஸ் மலைகளைப் பார்க்க என்ன வழி என்று புதிதாக வந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: பழைய நீராவி ரயிலில் போங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். காடு, அருவி, ஆடு மேயும் சரிவு எல்லாம் தானாக வந்து போகும்.

ஆனால் வெயில் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். அப்படிக் காத்திருந்தால் ஒரு கோடை முழுக்க வீட்டுக்குள்ளேயே போய்விடும். அன்றைய வானத்தைப் பார்த்து ரயிலைத் தேர்ந்தெடுங்கள். மழை பெய்தால்தான் அழகு கூடும் பாதைகள் இங்கே உண்டு. தெளிந்த வானம் இல்லாவிட்டால் கொடுத்த காசுக்கு ஒன்றும் தெரியாத பாதையும் உண்டு. இந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு மழைக்குக் காரணம் அட்லாண்டிக் கடல். தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வந்து, கடலுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கும் மலைகளில் மோதி மேலே ஏறிக் குளிர்ந்து கொட்டுகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்கிற அதே முறைதான். இங்கே அது சில மாதங்களோடு நிற்பதில்லை. ஸ்னோடோனியா என்று பலரும் அறிந்த எரேரி மலைகளின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னைக்குச் சுமார் 1400தான். அதே வேல்ஸில் கடற்கரையை ஒட்டியும் இங்கிலாந்து எல்லைப் பக்கமும் 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்யும் இடங்கள் இருக்கின்றன. அதனால் மலையில் மப்பும் மந்தாரமுமாக இருக்கும்போது கொஞ்ச தூரத்தில் கடற்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் பயணத்தைக் கைவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

போனில் ஊர் பெயரைப் போட்டால் வரும் மேகப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். பிரிட்டன் அரசின் வானிலை மையமான மெட் ஆஃபீஸ் தளத்தில் மணிவாரியாகப் பாருங்கள். எரேரிக்குத் தனி மலை வானிலை அறிக்கையும் அங்கேயே இருக்கிறது. மழை எத்தனை சதவீதம் என்பதைவிடக் காற்றின் வேகமும், மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதும்தான் மலைக்கு முக்கியம். முந்தின நாள் இரவு ஒரு முறை, காலையில் கிளம்பும் முன் ஒரு முறை பார்த்தால் போதும். ஐந்து நாளுக்கு முந்தைய கணிப்பை வைத்து யாரும் முடிவு செய்யக்கூடாது.

சரி, தெளிந்த வானம் கட்டாயம் வேண்டும் என்றேனே, அது ஸ்னோடன் மலை ரயில். லான்பெரிஸில் கிளம்பி 1085 மீட்டர் உயர உச்சி வரை போகும். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு பழகிய உணர்வு வரும், அதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் அப்ட் முறைதான் இரண்டிலும். கல்லாறு முதல் குன்னூர் வரை ஏறும் எக்ஸ் வகை எஞ்சின்களில் முதலில் வந்தவற்றையும், ஸ்னோடனின் நீராவி எஞ்சின்களையும் செய்தது சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் இருந்த ஒரே தொழிற்சாலை. ஸ்னோடன் பாதை 1896இல் திறந்தது. மேட்டுப்பாளையம் குன்னூர் பாதை 1899இல். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து அந்தப் பற்சக்கரச் சத்தத்தைக் கேட்பது எனக்கு இன்னும் பெரிய சந்தோஷம்.

ஆனால் உச்சி மேகத்துக்குள் இருக்கும் நாட்கள் அதிகம். அன்று போனால் ஜன்னலுக்கு வெளியே வெள்ளைத் துணி கட்டியது போலத்தான் இருக்கும். காற்று பலமாக இருந்தால் ரயில் உச்சி வரை போகாமல் கீழே உள்ள க்ளோக்வின் நிலையத்தோடு திரும்பிவிடும். டிக்கெட் வாங்கும் முன் அப்படித் திரும்பினால் பணம் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்ற விதியைப் படித்துவிடுங்கள். கோடை வார இறுதிகளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு செய்யாமலும் முடியாது. வார நாளில் லீவு கிடைக்கும் நர்ஸுகளுக்கும் ஷிஃப்டில் வேலை செய்பவர்களுக்கும்தான் இங்கே வசதி: வானிலையைப் பார்த்துவிட்டுக் கடைசி நேரத்தில் இடம் தேடலாம். உச்சியில் அரை மணி நேரம்தான் நிறுத்துவார்கள். வந்த ரயிலிலேயே திரும்ப வேண்டும், போட்டோ எடுத்துக்கொண்டு நின்று அதை விட்டுவிடாதீர்கள். கீழே இருப்பதைவிட மேலே ஆறேழு டிகிரி குறைவாக இருக்கும், காற்று அதற்கு மேல். ஜூலை மாதம்தானே என்று புடவையும் செருப்புமாக வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

மழைக்கு ஏற்றது என்றால் என் முதல் தேர்வு வேல் ஆஃப் ரைடோல் ரயில். அபெரிஸ்ட்வித்தில் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கிளம்புகிறது, அதனால் கார் வேண்டாம். 1902இல் திறந்த பாதை. மலைச்சரிவின் விளிம்பிலேயே வளைந்து வளைந்து சுமார் ஒரு மணி நேரத்தில் டெவில்ஸ் பிரிட்ஜ் போய்ச் சேரும். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பாலங்கள், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கட்டியது. கீழே மனாக் அருவி. இரண்டு நாள் மழைக்குப் பிறகு போனீர்களானால் அருவி நிறைந்து விழும், ஓக் மரங்களில் பாசி பச்சைப் பசேலென்று இருக்கும். அருவிக்கு இறங்கும் படிகள் மழையில் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ கட்டாயம்.

தலல்லின் ரயிலும் இப்படித்தான். டவின் என்ற கடற்கரை ஊரில் தொடங்கி மலைக்குள் போகும், நடுவில் டோல்கோக் அருவிக்கு இறங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறலாம். இதன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1865இல் ஸ்லேட் கல் சுமக்கக் கட்டிய பாதை. 1950இல் உரிமையாளர் இறந்ததும் மூடவேண்டிய நிலை. டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் சங்கம் அமைத்து, 1951இல் தாங்களே ஓட்டத் தொடங்கினார்கள். உலகில் தொண்டர்கள் மீட்டு ஓட்டிய முதல் ரயில் இதுதான். இன்றும் டிக்கெட் பார்ப்பவர், கரி தள்ளுபவர், தோட்டம் வைப்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர்கள். நேரம் இருந்தால் அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பத்துப் பதில் சொல்வார்கள். புதிய ஊரில் யாரோடு எப்படிப் பேசத் தொடங்குவது என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது.

பெரிய பயணம் வேண்டுமென்றால் ஃபெஸ்டினியோக் ரயில். 1836 முதல் ஓடும் பாதை. தொடக்கத்தில் எஞ்சினே கிடையாது. ப்ளைனாய் ஃபெஸ்டினியோக் சுரங்கங்களிலிருந்து ஸ்லேட் ஏற்றிய பெட்டிகள் சரிவில் தாமாகவே போர்த்மாடோக் துறைமுகத்துக்கு உருண்டு வரும், குதிரைகளும் தனிப் பெட்டியில் கூடவே இறங்கி வரும், பிறகு காலிப் பெட்டிகளை அவைதான் மேலே இழுத்துப் போகும். 1863இல்தான் நீராவி வந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மூடிக்கிடந்ததைத் தொண்டர்கள் மறுபடி திறந்தார்கள். இடையில் நீர்மின் திட்டத்துக்காகப் பாதையின் ஒரு பகுதி நீருக்குள் போய்விட்டது. டியாத்ல்ட் என்ற இடத்தில் தன்மேல் தானே சுற்றி ஏறும் வளையத்தோடு புதுப்பாதை போட்டு, 1982இல் திரும்ப ப்ளைனாய் வரை கொண்டுபோனார்கள். அந்த வளையத்தில் ரயில் திரும்பும்போது இப்போது வந்த தண்டவாளமே கீழே தெரியும், பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஸ்லேட் குவியல்கள் மழையில் நனைந்து கருநீலமாக மின்னும். வெயிலில் அவை வெறும் சாம்பல் நிறம்.

லிவர்பூல், மான்செஸ்டர், ரெக்ஸம் பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. லான்டுட்னோ ஜங்ஷனில் மாறி, கான்வி பள்ளத்தாக்கு ரயிலில் ப்ளைனாய் போங்கள். அங்கே அதே நிலையத்தில் ஃபெஸ்டினியோக் ரயிலுக்கு மாறலாம். ஆனால் கான்வி பாதையில் ஒரு நாளைக்குச் சில ரயில்கள்தான், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு மணிக்கணக்கு. வெள்ளத்தாலும் அடிபடும் பாதை இது. 2019 மார்ச்சில் கேரெத் புயலில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்து மாதக்கணக்கில் மூடிவிட்டார்கள். எனவே கிளம்பும் அன்று நேஷனல் ரயில் செயலியில் பார்த்துவிட்டுத்தான் வீட்டை விட்டு இறங்க வேண்டும்.

பர்மிங்காம்காரர்களுக்கு அபெரிஸ்ட்வித் வரை நேரடி ரயில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: அந்த ரயில் மகன்லெத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி அபெரிஸ்ட்வித்துக்கு, மறு பாதி கடற்கரை வழியாக டவின், போர்த்மாடோக், புல்ஹெலி பக்கம். ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கார்டிடம் கேளுங்கள். அந்தக் கடற்கரைப் பாதையில் பல நிலையங்களில் கேட்டால்தான் நிறுத்துவார்கள். இறங்க கார்டிடம் சொல்ல வேண்டும், ஏற நடைமேடையில் நின்று ஓட்டுநருக்குக் கை காட்ட வேண்டும். பார்மத் ஊரில் ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கும் நீண்ட மரப்பாலம் வரும், அதற்காகவே அந்தப் பாதையில் போகலாம். அப்புறம், ஃபெஸ்டினியோக் ரயிலுக்கு மாற மின்ஃபோர்த்தில் இறங்குவது சுலபம். போர்த்மாடோக்கில் இறங்கினால் இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ஊரைக் கடந்து நடக்க வேண்டும், மழையில் பிள்ளைகளோடு அது கஷ்டம்.

கார்டிஃப், நியூபோர்ட் பக்கம் இருப்பவர்கள் வடக்கு வேல்ஸை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும், ரயிலில் போனால் போய்ச்சேரவே பகல் போய்விடும். உங்களுக்கு மெர்தர் டிட்ஃபில் பக்கத்தில் பாண்டில் கிளம்பும் ப்ரெகன் மலை ரயில் இருக்கிறது. கார்டிஃபிலிருந்து மெர்தர் வரை ரயில் ஒரு மணி நேரம், அங்கிருந்து பஸ் அல்லது டாக்ஸி. நீர்த்தேக்கத்தை ஒட்டியே டோர்பாண்டாய் வரை ஏறும். பாதிநாளில் முடித்துவிட்டு இரவுச் சமையலுக்கு வீடு திரும்பலாம்.

உடை பற்றி: ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. ஒரே தடிமனான கோட்டைவிட மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, மேலே தொப்பி வைத்த மழைக்கோட்டு. குடையை மலைக்காற்று மடக்கிவிடும். மாற்றுச் சாக்ஸ் எல்லோருக்கும் ஒரு ஜோடி. எஞ்சினுக்குப் பின்னால் முதல் பெட்டியில் கரித்தூள் வரும், வெள்ளைச் சட்டை போட வேண்டாம், தலையை வெளியே நீட்டவும் வேண்டாம். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் சப்பாத்தி ரோலும் சரியாக இருக்கும், குளிரில் தயிர்சாதம் பிள்ளைகளுக்கு இறங்காது. ஒரு ஃப்ளாஸ்க் டீ எடுத்துக்கொள்ளுங்கள். நிலையக் கடைகளில் கிடைத்தால் திராட்சை போட்ட வெல்ஷ் கேக்கைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், முட்டிவலி, சர்க்கரை வேறு, கூட்டிப்போகலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தாராளமாகக் கூட்டிப் போங்கம்மா, அவர்களுக்குத்தான் இது மிகப் பொருத்தம். முதலில் தொலைபேசியில் அழைத்து, படி இல்லாத பெட்டி இருக்கிறதா, சக்கர நாற்காலிக்கு இடம் வைப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். அகலம் குறைந்த தண்டவாளத்தில் ஓடும் இந்தச் சின்னப் பெட்டிகள் எல்லாவற்றிலும் கழிப்பறை இருக்காது, ஏறும் முன் போய்விட்டு வரச் சொல்லுங்கள். இருபக்கமும் திறந்த பெட்டியில் உட்கார வைக்க வேண்டாம். மாத்திரையும் சாப்பாடும் கையிலேயே இருக்கட்டும், ரயில் தாமதமானால் கடை தேடி அலைய முடியாது. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலும் அடிக்கடி போய்விடும், டிக்கெட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளுபடி அட்டை செல்லுமா என்று இன்னொருவர் கேட்டார். ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் ரயில்கார்டு பிரதான ரயிலுக்கு நன்றாகப் பயன்படும், போகும் செலவு கணிசமாகக் குறையும். நீராவி ரயில்களுக்குத் தனி டிக்கெட். அவை நேஷனல் ரயிலைச் சேர்ந்தவை அல்ல என்பதை மனதில் வையுங்கள்.

கடைசியாகக் கால அட்டவணை. பெரும்பாலான பாதைகள் ஈஸ்டரையொட்டித் தொடங்கி அக்டோபர் கடைசி வரைதான் ஓடும். அதிலும் எல்லா நாளும் ஓடும் என்று எண்ண வேண்டாம், தளத்தில் நாட்காட்டியில் நிறம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மழையே இல்லாத கோடையிலும் ஒரு சிக்கல் வரும்: புல் காய்ந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்தால் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சினைப் போட்டுவிடுவார்கள். குளிர்காலத்தில் போக ஆசை இருந்தால் டிசம்பரில் சாண்டா ரயில்கள் பல பாதைகளில் ஓடும். பிள்ளைகளுக்குப் பரிசும் கொடுப்பார்கள். அதற்குச் செப்டம்பரிலேயே தளத்தைப் பார்க்கத் தொடங்குங்கள், வார இறுதி இடங்கள்தான் முதலில் தீரும்.