கடைத்தெருவில் ஒரு பாகம் நடைபாதை இருக்கிறதா, இல்லையா?

தோணித்துறையான்:
“ராமேசுவரம் தீவில் நடப்பவரும் இல்லை, சைக்கிள் மிதிப்பவரும் இல்லை, சாலையை அகலமாக்கினால் போதும், தனிப்பாதை வீண்செலவு” என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்தபின் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. விடியலில் ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் சுமந்து சாலையோரமாகவே போகும் பெண்களும், அரசு தந்த சைக்கிளில் போகும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர் கண்ணில் படவில்லை போலும். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது, சாலை அமைப்புக்கு நெறிமுறைகள் வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 103ஆம் நெறிமுறை. கடலோடிகள் கணக்கில் அது ஏறத்தாழ ஒரு பாகம், அதாவது விரித்த இரு கைகளின் நீளம். எங்கள் கடைத்தெருவில் அந்த ஒரு பாகம் எங்கே இருக்கிறது என்று அவர் காட்டட்டும்.

சாலைவாசி:
எழுதியவன் நான்தான். ஒரு பாகம் இருக்கிறது. பொங்கலுக்கு முன் நானே அளந்தேன். கடைச் சுவரிலிருந்து விளிம்புக்கல் வரை சரியாக 1.8 மீட்டர்.

தோணித்துறையான்:
சுவரிலிருந்து விளிம்பு வரை அளந்தால் கோயில் பிரகாரம்கூடக் கிடைக்கும். நடுவில் நிற்கும் மின்கம்பத்தையும், சிப்பிமாலைகள் தொங்கும் கழியையும், கருவாடு பரப்பிய சாக்கையும், நிறுத்திய பைக்குகளையும் கழித்துப் பாருங்கள். எதிரே ஒருவர் வந்தால் நான் ஒருக்களித்து நிற்க வேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு அளந்தீர்கள் ஐயா?

சாலைவாசி:
வீட்டுத் தையல் நாடாவால்.

தோணித்துறையான்:
தையல் நாடா ஒன்றரை மீட்டரில் முடிந்துவிடும். மிச்சத்தை ஊகத்தால் அளந்தீர்களா?

சாலைவாசி:
நாடாவை இரண்டாம் முறை வைத்து அளக்கத் தெரியாதவன் அல்லன் நான். நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கணக்குத் தேர்வில் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்பதை இங்கே சொல்ல வைக்காதீர்கள். 1.8 இருக்கிறது.

உச்சிப்புளி ஆசிரியை:
அகலத்தைச் சற்று விடுங்கள். விளிம்புக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதே நெறிமுறையில்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் அது முழங்காலைத் தொடுவதால், என் தாயார் நடைபாதையில் ஏறாமல் பேருந்துகளுக்கு நடுவே நடக்கிறார். சைக்கிளுக்கோ சாலையோரச் சீமைக்கருவேல முள். என் மாணவிகள் வாரத்துக்கு ஒரு முறையாவது பஞ்சர் கடையில் நிற்கிறார்கள். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளுகிறது. ஆடிக் காற்றில் அதன்மேல் சைக்கிள் உருட்டுகிறவரைச் சுற்றுலாக் கார்கள் படமெடுக்க நின்று நடுச்சாலைக்குத் தள்ளுவதையும் யாராவது பேசலாமே?

தோணித்துறையான்:
டீச்சர், முள்ளும் பாலமும் நியாயமானவைதான், ஆனால் அவை தனிக்கதை. முதலில் அந்த ஒரு பாகத்துக்குப் பதில் வரட்டும்.

மண்டபத்தான்:
பாகம் என்றால் இரு கைகளையும் விரித்த நீளம். யாருடைய கை? என் பாட்டனார் கை விரித்தால் ஆறடியைத் தாண்டும். தோணித்துறையாருக்கு ஐந்தரையாவது வருமா என்பது சந்தேகமே. தீவுக்காரர்களுக்குப் பாலத்துக்கு இப்பால் உள்ளவர்களின் கை கண்ணுக்குத் தெரியாது போலும்.

தோணித்துறையான்:
என் தகப்பனார் நாற்பது ஆண்டுகள் வலைக்கயிற்றைக் கையால்தான் அளந்தார். ஒரு கயிறும் குறைந்ததாக யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. மண்டபத்தார் பாட்டனாரின் கையையே வைத்துக்கொள்வோம். அப்போது நடைபாதை இன்னும் அகலமாக வேண்டும் என்றல்லவா ஆகிறது? ஞாயிறு காலை இரும்பு நாடாவோடு கடைத்தெருவில் நிற்கிறேன், சாலைவாசி வரட்டும்.

சாலைவாசி:
ஞாயிறு காலை கடைகள் பாதிதான் திறந்திருக்கும்.

தோணித்துறையான்:
அப்படியானால், கடை திறந்தால் 1.8 இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

சாலைவாசி:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. கடையையும் கருவாட்டையும் நடைபாதைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது யார்? நாடாவை நான் இரண்டு முறை வைத்தேன்.