சைக்கிளுக்கு முன்பக்க ரேக், பை: எதை வாங்கலாம்?

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு சைக்கிளில் போக எண்ணம். கூடாரம், அடுப்பு, ஸ்வெட்டர் எல்லாவற்றையும் பின் கேரியரிலேயே கட்டினால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் அலைகிறது. பாதிச் சுமையையாவது முன்னால் மாற்ற வேண்டும்.

என் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் ஸ்டீல், சஸ்பென்ஷன் கிடையாது. கீழே ஆக்சில் பக்கம் திருகுத் துளை உண்டு, ஃபோர்க்கின் நடுவில் இல்லை. டூபஸ் கம்பெனியின் டாரா மாதிரித் தாழ்வான ரேக் என்றால் பாரம் கீழே இருக்கும், இறக்கத்தில் வண்டி நிதானமாக வரும், சரி. ஆனால் அதற்கு நடுத்துளை வேண்டுமே! கிளாம்ப் போட்டு மாட்டியவர்கள் இருக்கிறீர்களா? கொண்டை ஊசி வளைவுகளில் நழுவுகிறதா?

அப்புறம் பை. ஆர்ட்லீப் கம்பெனிப் பை மழைக்கு நல்லதுதான், விலை கையைக் கடிக்கிறது. சாதாரணப் பைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுச் சமாளிக்கலாமா?